பெயர்க்க முடியாத சொல்லா ‘ஹிரைத்’?

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவோர் சில சொற்களைத் தனியே எடுத்து வைத்து, ‘இவை பெயர்க்க முடியாதவை’ என்று முத்திரையிட்டு விடுவது வழக்கம். போர்த்துக்கீசியரின் ‘சவுதாதே’ அவ்வரிசையில் முன்னிற்பது. அதனை அடுத்துப் பலரும் சுட்டுவது வெல்ஷ் மொழியின் ‘ஹிரைத்’. பிரிந்து வந்த ஊரையும், இழந்த உறவையும், மீளாத காலத்தையும் எண்ணி உள்ளம் தவிக்கும் நிலையை அச்சொல் குறிக்கும் என்பர். அதன் முழுப்பொருளும் வேறெம்மொழியிலும் அடங்காது என்றும் கூறுவர்.

பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் மனை கொண்டு வாழும் நமக்கு இச்சொல் செவியில் விழுந்தவுடன் ஓர் உரிமை உணர்வு தோன்றுவது இயல்பே. ‘இஃது நம் சொல்லன்றோ!’ என்று கொண்டாடத் தோன்றும். ஆயினும் கொண்டாடும் முன் ஆராய்தல் நன்று. ஹிரைத் என்னும் சொல் உண்மையில் எதைச் சொல்கிறது? அது பெயர்க்க முடியாதது எனின் எதனால்? தமிழுக்கு அதனைக் கொண்டுவர முயன்றால் கிட்டுவது என்ன, நழுவுவது என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லும் வேரும்

வேல்ஸ் நாட்டை அந்நாட்டு மக்கள் ‘கம்ரி’ என்பர். உடன் வாழும் நாட்டார் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. ‘வேல்ஸ்’ என்பதோ ஆங்கிலேயர் முன்னோர் இட்ட பெயர். அதன் அடிப்பொருள் ‘அயலார்’. சொந்த மண்ணில் இருந்தவரையே வந்தவர் அயலார் என்றழைத்த வரலாறு அது. இப்பெயர் முரணை நினைவில் வைத்துக்கொண்டால், அம்மக்களின் இலக்கியத்தில் ஏக்கம் ஏன் இத்துணை இடம்பெற்றது என்பது ஓரளவு விளங்கும்.

ஹிரைத் என்னும் சொல்லைப் பகுத்தால் ‘ஹிர்’ என்னும் அடி கிடைக்கிறது. அதன் பொருள் ‘நெடிய’ என்பது. அதனோடு பண்புப்பெயர் விகுதி ஒன்று சேர்ந்து சொல் உருவாயிற்று. ஆகவே ஹிரைத் என்பதன் வேர்ப்பொருள் ‘நெடுமை’ என்றே கொள்ளத்தக்கது. பிரிந்தவனுக்குப் பொழுது நீள்கிறது, வழி நீள்கிறது, நினைவு நீள்கிறது. அந்நீட்சியே துயரின் பெயராயிற்று.

இவ்விடத்தில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, இச்சொல் வெல்ஷ் மொழிக்கு மட்டும் உரியதன்று. அதன் உடன்பிறந்த மொழிகளான கார்னிஷ், பிரெத்தோன் ஆகிய இரண்டிலும் இதே சொல் சிறிது ஒலி மாறி வழங்குகிறது. பழைய ஐரிஷ் மொழியிலும் இதற்கு இனமான சொல் உண்டு. இரண்டாவது, எம்மொழியில் இதற்கு ஈடில்லை என்கின்றனரோ அந்த ஆங்கிலத்திலேயே ஏங்குதலைக் குறிக்கும் வினைச்சொல் ‘நெடிய’ என்னும் பொருளுடைய அடியிலிருந்துதான் பிறந்துள்ளது. ஆங்கிலேயனும் வெல்ஷ்காரனும் ஏக்கத்தை ஒரே அளவுகோல் கொண்டு, அதாவது நீளத்தைக் கொண்டு, அளந்திருக்கின்றனர்.

நாமும் வேறுபட்டவர் அல்லோம். நக்கீரர் பாடிய பத்துப்பாட்டு நூலுக்கு ‘நெடுநல்வாடை’ என்று பெயர் அமைந்த காரணத்தை உரைகாரர் விளக்கியுள்ளனர். தலைவனைப் பிரிந்திருக்கும் தலைவிக்கு அவ்வாடைக்காலம் நெடியது. வினைமேற் சென்ற அரசனுக்கு அது நல்லது. பிரிந்திருப்பாரின் காலம் நெடியது என்னும் அறிவு கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஆகவே வேரளவில் நோக்கின், ஹிரைத் பெயர்க்க முடியாத சொல் என்னும் கூற்று நிற்கவில்லை.

என்மீது இருக்கிறது

வேரைவிட வியப்பூட்டுவது அச்சொல் வாக்கியத்தில் நிற்கும் முறை. வெல்ஷ் மொழி பேசுவோன், ‘நான் ஏங்குகிறேன்’ என்று சொல்ல விரும்பினால் பெரும்பாலும், ‘மே ஹிரைத் அர்னா இ’ என்பான். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், ‘என்மீது ஹிரைத் இருக்கிறது’ என்றாகும். உணர்ச்சிக்கு அவன் உடைமையாளன் அல்லன்; உணர்ச்சி அவன்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது.

அம்மொழியில் வேறு எவையெல்லாம் ஒருவன்மீது இருக்கின்றன? அச்சம் அவன்மீது இருக்கும். தேவை அவன்மீது இருக்கும். நீர்க்கோவை பிடித்தால் அதுவும் அவன்மீது இருக்கும். எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது, ஒருவனுக்குப் பணம் தரவேண்டியிருந்தால் அதனையும் இதே அமைப்பில்தான் சொல்வர்: ‘உனக்குரிய ஐந்து பவுன் என்மீது இருக்கிறது.’ நோய், அச்சம், கடன், ஹிரைத் ஆகிய நான்கும் ஒரே இலக்கணப் பலகையில் அமர்ந்திருக்கின்றன.

தமிழிலும் இவ்வகை உண்டு. எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல், எனக்குப் பயம், எனக்குக் கடன் என்று நான்காம் வேற்றுமையால் நாம் சொல்கிறோம். இங்கும் பேசுவோன் செய்பவன் அல்லன். வந்தடையும் இடமே அவன். ‘எனக்கு ஊர் ஏக்கமாக இருக்கிறது’ என்று நம் வீட்டுக் குழந்தை சொன்னால், அவ்வாக்கியம் வெல்ஷ் வாக்கியத்தின் நெருங்கிய உறவினன் என்பதில் ஐயமில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. நம் உணர்ச்சி நம்மிடம் வருகிறது. அவர்தம் உணர்ச்சி அவர்மீது ஏறுகிறது. ‘மீது’ என்பதில் சுமையின் எடை இருக்கிறது. அந்த எடையைக் காட்டாத மொழிபெயர்ப்பு, அச்சொல்லின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பாரத்தை விட்டுவிட்டதாகும்.

ஹெலெத்தும் பாரி மகளிரும்

சொல்லை அகராதியில் மட்டும் தேடுவது போதாது, இலக்கியத்திலும் தேடவேண்டும். வெல்ஷ் மொழியின் பழம்பாடல்களுள் ஹெலெத் என்னும் அரசகுலப் பெண்ணின் கூற்றாக அமைந்த பாடல்தொகுதி ஒன்று உண்டு. அது 9 அல்லது 10-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஹெலெத்தின் உடன்பிறந்தான் கன்தலன், பெங்க்வெர்ன் என்னும் இடத்திலிருந்து ஆண்டவன். பகைவர் அவனைக் கொன்று அரண்மனையை அழித்தனர். எஞ்சிய ஹெலெத், தீயும் விளக்கும் பாட்டும் இன்றி இருண்டு கிடக்கும் அம்மனையைப் பார்த்துப் புலம்புகிறாள். ஒவ்வொரு செய்யுளும் ஏறத்தாழ ஒரே தொடக்கத்துடன் மீண்டும் மீண்டும் எழுகிறது. ஒவ்வொரு முறையும் அம்மனையில் இல்லாத ஒன்று கூறப்படுகிறது. இன்மைகளை எண்ணியெண்ணியே மனையின் பழைய பொலிவைப் புலவர் எழுப்பிவிடுகிறார்.

புறநானூறு கற்றவர்க்கு உடனே நினைவுக்கு வருவோர் பாரி மகளிர். மூவேந்தர் முற்றுகையில் தந்தையை இழந்து, பறம்பு மலையையும் இழந்து, அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் ஒப்பிட்டு அவர்கள் பாடிய சிறு பாட்டு தமிழுள்ளளவும் நிற்பது. அங்கும் ஒரு மலை. இங்கும் ஓர் அரண். அங்கும் பெண்ணின் குரல். இங்கும் பெண்ணின் குரல். இரண்டிலும் இறந்த உறவும் இழந்த நிலமும் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. தந்தைக்காக அழுகின்றனரா, குன்றுக்காக அழுகின்றனரா என்று பகுத்துச் சொல்ல எவராலும் ஆகாது. ஹிரைத் என்னும் சொல்லுக்கு உரை வேண்டுவோர்க்குப் பாரி மகளிர் பாட்டையே எடுத்துக்காட்டலாம்.

ஆனால் ஒப்புமையோடு நின்றுவிடுவது திறனாய்வாகாது. வேற்றுமையும் கூறல் வேண்டும். பாரி மகளிர் பாட்டில் குற்றவுணர்வு இல்லை. தந்தை அறத்தில் நின்றான், வென்றவரே நாணத்தக்கவர். ஹெலெத்தோ தன் நாவே இவ்வழிவுக்குக் காரணமாயிற்று என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறாள். அவள் சொன்ன சொல் யாது என்பதைப் பாடல் விரித்துரைக்கவில்லை. ஆயினும் எஞ்சியிருப்போரின் உள்ளத்தில் எழும் ‘நான் காரணமோ’ என்னும் வினா அங்கே நிலைத்துவிட்டது. ‘என்மீது இருக்கிறது’ என்னும் இலக்கண அமைப்பில் நாம் கண்ட கடனின் சாயல், இலக்கியத்தில் இவ்வாறு உருவெடுத்து நிற்கிறது. ஊரை விட்டு வந்தவர் உள்ளத்தில், முதிய தாய்தந்தையரை விட்டு வந்த நம்மனோர் உள்ளத்தில், ஏக்கத்தோடு இந்த வினாவும் சேர்ந்தே இருப்பதை யார் மறுப்பர்?

இலண்டனில் ஒரு சங்கம்

வெளியூர் சென்ற வெல்ஷ் மக்கள் செய்த முதற்பணிகளுள் ஒன்று, நாம் செய்ததே. அவர்கள் சங்கம் கண்டனர். ‘கம்ரொதோரியன்’ என்னும் கழகம் 1751-இல் இலண்டன் மாநகரில் தோன்றியது. அதனை நிறுவுவதில் முன்னின்றவர் ஆங்கிள்சித் தீவிலிருந்து வந்த ரிச்சர்டு மோரிஸ். அவர் கடற்படை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். அவருடைய உடன்பிறந்தாரான லூயிஸ் மோரிஸ் நாட்டிலிருந்தே துணைநின்றார். பகலில் அரசாங்கக் கணக்கையும் மாலையில் தாய்மொழிக் கவிதையையும் எழுதிய அவ்வெழுத்தரை நாம் அறியாதவராகக் கருத இயலாது. தலைநகர்களில் தட்டச்சுப் பொறியின் முன்னமர்ந்து உழைத்து, ஞாயிறுதோறும் கூடித் தமிழ்ச் சங்கங்களைக் கட்டியெழுப்பிய நம் முன்னோரின் உறவினர் போலவே அவர் தோன்றுகிறார்.

அவ்வட்டத்தோடு தொடர்புடையவர் கவிஞர் கொரொன்வி ஓவன். 1723-இல் ஆங்கிள்சித் தீவில் பிறந்து, சமயகுருவாகிப் பிறந்த ஊரிலேயே பணிசெய்ய விழைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது மூன்று வாரப் பணியே. பின்னர் இங்கிலாந்தின் ஊர்களில் துணைக்குருவாக அலைந்தார். 1757-இல் பிழைப்பு நாடி அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். கடற்பயணத்திலேயே மனைவியையும் கைக்குழந்தையையும் இழந்தார். 1769-இல் அங்கேயே மறைந்தார். வாழ்நாளெல்லாம் ஆங்கிள்சியை நினைந்து கடுமையான மரபு யாப்பில் அவர் பாடிய பாடல்கள், வெல்ஷ் இலக்கியத்தில் ஒரு மறுமலர்ச்சிக்கு வழிவகுத்தன. ஊரில் அவருக்கு இடமில்லை. ஊரின் இலக்கியத்திலோ அவரின்றி இடமில்லை. ஹிரைத் என்பது ஒரு புலவனை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு அவர் சான்று.

அதே ஏக்கம் ஒருவனை எங்கு வழிதவறச் செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. யோலோ மோர்கானுக் என்னும் புனைபெயர் கொண்ட எட்வர்டு வில்லியம்ஸ் (1747–1826) கல்தச்சர். பெரும்புலமையும் பெருங்கற்பனையும் ஒருங்கே வாய்ந்தவர். 14-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கவிஞரான தாவித் அப் க்விலிமின் பாடல்களை இலண்டன் வெல்ஷ் கழகத்தார் 1789-இல் பதிப்பித்தபோது, தாமே இயற்றிய பாடல்கள் சிலவற்றையும் அக்கவிஞர் பெயரில் அவர் சேர்த்துவிட்டார். 1792-இல் இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் ‘பழங்காலப் புலவர் அவை’ என்று ஒரு சடங்கையும் நடத்தினார். அது பழமையானதன்று, அவர் படைத்தது. ஆராய்ச்சியாளர் ஜி. ஜே. வில்லியம்ஸ் 1920-களில் இவற்றின் உண்மையை வெளிப்படுத்தினார். ஆயினும் அச்சடங்கு இன்றும் வேல்ஸ் நாட்டின் தேசியக் கலைவிழாவான எய்ஸ்தெத்வொத்தில் பெருமையுடன் நடைபெறுகிறது.

இதனை ஏளனமாகக் கூறவில்லை. யோலோவின் போலிப்பாடல்களுள் சில உண்மையான கவிதைகள் என்று அறிஞரே ஒப்புவர். நாம் சுட்டுவது வேறொன்று. தொலைவில் இருந்து ஊரை நினைக்கும்போது, இருந்த ஊரை நினைக்கிறோமா, இருந்திருக்கவேண்டும் என நாம் விரும்பும் ஊரை நினைக்கிறோமா என்பதே வினா. இலண்டனில் கூடிய வெல்ஷ் மக்கள் தம் தாய்நாட்டிற்குக் கழகங்களைத் தந்தனர், பதிப்புகளைத் தந்தனர், உதவிகளைத் தந்தனர். அவற்றோடு ஒரு போலியையும் தந்தனர். ஏக்கம் நல்ல தொண்டன். நல்ல வரலாற்றாசிரியன் அல்லன்.

நீருள் மூழ்கிய ஊர்

ஊரை விட்டு நாம் வருவது ஒருவகை. ஊரே நம்மை விட்டுப் போவது மற்றொரு வகை. வட வேல்ஸில் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. சிறிய ஊராயினும் முழுவதும் வெல்ஷ் மொழியே வழங்கிய ஊர். வழிபாட்டு மனை, பள்ளி, அஞ்சலகம், பண்ணைகள் அனைத்தும் அங்கிருந்தன. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகருக்கு நீர் வழங்கும் நீர்த்தேக்கத்திற்காக அவ்வூரை மூழ்கடிக்கும் சட்டம் 1957-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேல்ஸ் நாட்டு உறுப்பினருள் ஒருவர்கூட அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. எனினும் அது சட்டமாயிற்று. ஊரார் 1956-இலேயே லிவர்ப்பூல் தெருக்களில் பதாகை ஏந்தி நடந்து முறையிட்டிருந்தனர். அம்முறையீடு பயன்தரவில்லை. 1965-இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அவ்வூரில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். லிவர்ப்பூல் நகரவை 2005-இல் அச்செயலுக்கு மன்னிப்புக் கோரியது.

67 என்னும் எண் மிகச் சிறியது. ஆயினும் அவ்வூர் மூழ்கியது ஒரு மொழியின் நெஞ்சில் பட்ட வடுவாயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வடுவும் உண்டு. 1940-இல் போர்ப்பயிற்சிக் களம் அமைப்பதற்காக எப்பிண்ட் மலைப்பகுதியின் 54 வீடுகளிலிருந்து 219 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் திரும்பவே இல்லை. இத்தகையோரிடம் சென்று, ‘ஹிரைத் என்பது இனிய நினைவு’ என்று யாரும் பொருள் கூற முடியாது. அவர்களுக்கு அச்சொல் வழக்குமன்றத்தில் தீராத ஒரு முறையீட்டைப் போன்றது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. தம் மொழியும் வழிபாடும் ஆங்கிலச் சூழலில் அழிந்துவிடும் என்றஞ்சிய ஏறத்தாழ 150 வெல்ஷ் மக்கள், 1865-இல் ‘மிமோசா’ என்னும் கப்பலேறித் தென்னமெரிக்காவின் பத்தகோனியாவில் இறங்கினர். சூபுத் ஆற்றின் கரையில் வாய்க்கால் வெட்டி, வறண்ட நிலத்தைக் கழனியாக்கினர். அப்பகுதியில் வெல்ஷ் மொழி இன்றும் வழங்குகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரைத் துறந்தவர்கள் அவர்கள். தாய்நிலத்தில் இருந்துகொண்டே மொழியை இழந்தவன், கடல்கடந்து சென்று மொழியைக் காத்தவன் ஆகிய இருவரில் ‘ஊரில்’ இருப்பவன் யார்? ஹிரைத் என்னும் சொல் இவ்வினாவை நம்முன் வைக்கிறது. விடையை அது தரவில்லை.

இந்திய மண்ணில்

அச்சொல்லைத் தாங்கி வந்தோர் நம் நாட்டிற்கும் வந்துள்ளனர். வேல்ஸ் நாட்டுச் சமயத்தொண்டர் தாமஸ் ஜோன்ஸ் 1841-இல் காசி மலையின் சோரா என்னும் இடத்தை, அதாவது செரபுஞ்சியை, அடைந்தார். காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை, தம் தாய்மொழியின் எழுத்துமுறையைத் தழுவி அவர் அமைத்தார். அவ்வழியே இன்றளவும் காசி மொழி எழுதப்படுகிறது. சமயக்கழகத்தோடு பிணங்கி விலகிய அவர், 1849-இல் கல்கத்தாவில் காலமானார். அவர் கல்லறை அந்நகரின் ஸ்காட்டிஷ் இடுகாட்டில் உள்ளது. வேல்ஸ் நாட்டின் தேசிய கீதம் 1856-இல் தோன்றியது. அதன் இசையில்தான் காசி மக்கள் தம் நாட்டுப் பண்ணையும் பாடுகின்றனர். ஒரு மலைநாட்டின் ஏக்க இசை இன்னொரு மலைநாட்டின் பெருமித இசையாயிற்று. சொல் பெயரவில்லை, இசை பெயர்ந்தது. பெயர்ப்பு என்பது சொல்லால் மட்டுமே நிகழ்வதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

அங்காடிக்கு வந்த சொல்

இனி, இக்காலத்தில் ஹிரைத்துக்கு வழங்கும் ஒரு விளக்கத்தைக் காண்போம். ‘திரும்ப முடியாத இல்லத்துக்கான, ஒருவேளை என்றுமே இருந்திராத இல்லத்துக்கான ஏக்கம்’ என்பது அது. கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. தேநீர்க் கோப்பையிலும் மெத்தையணையிலும் சுவர்ப்பலகையிலும் அச்சொல்லை அச்சிட்டு விற்கின்றனர். வாங்குவோருள் வெல்ஷ் மொழி அறியாதாரே பலர்.

இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏனெனில், வெல்ஷ் பேசும் சிறுவன் பள்ளி விடுமுறை முகாமுக்குச் சென்று இரண்டாம் நாள் இரவில் தாயை நினைத்துக் கண்கலங்கினால், அதற்கும் ஹிரைத் என்பதே பெயர். அவன் வீடு இருக்கிறது. சனிக்கிழமை அவன் திரும்பிவிடுவான். இறந்த கணவனை நினைத்து முதியவள் வாடினால் அதற்கும் அதுவே பெயர். அச்சொல்லிலிருந்து ஏங்குதல் என்னும் வினையும், ஏக்கமுள்ள என்னும் அடையும் பிறந்து அன்றாடம் வழங்குகின்றன. அடுக்களையில் உழைக்கும் சொல் அது. அதனை மறைபொருள் நிறைந்த மந்திரமாக்குவது அதற்குச் செய்யும் மரியாதை அன்று. பெயர்க்க முடியாதது என்று ஒரு சொல்லை உயரத்தில் வைப்பவர், பெரும்பாலும் அம்மொழியைக் கற்கும் உழைப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றனர்.

நல்ல கவிஞர்கள் இம்மிகையை முன்பே உணர்ந்திருந்தனர். டி. எச். பேரி-வில்லியம்ஸ் (1887–1975) 1949-இல் வெளியிட்ட தொகுப்பில் ‘ஹோன்’ என்றொரு கவிதை உண்டு. நாட்டுப்பற்று ஆரவாரங்களில் சலித்த ஒருவன், இந்நாட்டில் நான் பிறந்தது வெறும் தற்செயல் என்று உதறிப் பேசத் தொடங்குகிறான். பேச்சின் போக்கிலேயே பிறந்த ஊரின் மலையும் குரல்களும் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. முடிவில், அந்நிலத்தின் பிடியிலிருந்து தனக்கு விடுதலை இல்லை என்பதை அவன் வலியோடு உணர்கிறான். இனிப்பு ஒரு துளியும் இல்லாத ஊர்ப்பற்று அது. அங்காடி விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அக்கவிதை ஹிரைத்தின் இயல்பை நமக்கு உணர்த்துகிறது. என்மீது இருப்பதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இறக்கி வைக்கவும் முடியவில்லை.

தமிழில் யாது சொல்வோம்?

‘ஏக்கம்’ எனலாம். ஆனால் அது மிக விரிந்த சொல். கிட்டாத பொருளுக்கும் கிட்டாத பதவிக்கும்கூட ஏங்குகிறோம். ஹிரைத்தில் முன்பு பெற்று இழந்ததன் நினைவு வேண்டும். ‘பிரிவாற்றாமை’ எனலாம். அது பிரிந்தவர் மீள்வர் என்னும் எதிர்பார்ப்பை உட்கொண்டது. மூழ்கிய ஊருக்குப் பொருந்தாது. ‘தாயக ஏக்கம்’ என்று புதிதாக ஆக்கலாம். நிலத்தை அது தழுவுகிறது. இறந்த கணவனை நினைக்கும் முதியவளை விட்டுவிடுகிறது. ‘ஊர் நினைப்பு’ என்னும் நம் வீட்டுச்சொல் முகாமுக்குச் சென்ற சிறுவனுக்கு மிகப் பொருந்தும், ஹெலெத்துக்குப் போதாது.

இதனால் தமிழ் வறிய மொழி என்று முடிவுகட்டிவிடலாகாது. உண்மை அதற்கு மறுதலை. நம் முன்னோர் இழப்பை வகைப்படுத்தி வைத்துள்ளனர். பிரிந்து செல்லும் துயரத்தைப் பாலைக்கும், மீள்வார் என ஆற்றியிருத்தலை முல்லைக்கும், ஆற்றாது இரங்குதலை நெய்தலுக்கும் உரிமையாக்கினர். இறந்தவரையும் அழிந்ததையும் நினைந்து செயலற்று நிற்றலைக் கையறுநிலை என்னும் புறத்துறையாக்கினர். பாரி மகளிர் பாட்டின் துறையும் அதுவே. நாம் பல கலங்களில் பகுத்து வைத்ததை வெல்ஷ் மொழி ஒரே கலத்தில் வைத்திருக்கிறது. கலங்களின் எண்ணிக்கை வேறே அன்றி, உள்ளிருக்கும் நீர் வேறன்று. ஹிரைத்தைப் பெயர்க்க இயலாமைக்குக் காரணம் அவர்தம் துயரின் ஆழம் அன்று. இரு மொழிகளும் துயரைப் பங்கிட்ட முறை என்பதே நம் முடிபு.

எனவே மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லைத் தேடி அலைய வேண்டுவதில்லை. இடம் நோக்கி, சிறுவனுக்கு ‘ஊர் நினைப்பு’ என்றும், கொரொன்வி ஓவனுக்கு ‘தாயக ஏக்கம்’ என்றும், ஹெலெத்துக்குக் ‘கையறவு’ என்றும் எழுதலாம். மூன்று இடத்திலும் மூலத்தில் நின்றது ஒரே சொல் என்பதை முன்னுரையில் ஒருமுறை கூறிவிட்டால் போதும். கற்பவர் மனத்தில் அம்மூன்றும் தாமே ஒன்றுகூடும்.

இறுதியாக ஒன்று. 1911-இல் வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 43.5 பேர் வெல்ஷ் பேசினர். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 ஆகக் குறைந்துள்ளது. மொழியை மீட்க அவர்கள் கடுமையாக உழைக்கின்றனர். 2011-இல் அம்மொழிக்கு வேல்ஸில் ஆட்சிமொழித் தகுதியைச் சட்டத்தால் பெற்றனர். எனினும் மொழியை விட்டுவிட்ட குடும்பங்களில் எஞ்சியது பல நேரம் ஹிரைத் என்னும் ஒற்றைச் சொல்லே. பாட்டன் கடிதம் எழுதிய மொழி, பேரன் கையில் தேநீர்க் கோப்பையின் மேலெழுத்தாக நிற்கிறது.

நம் குடும்பங்களில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்றால், நாற்பதாண்டு வாழ்ந்த இந்நகரை யாரும் நினைப்பதில்லை; ஆண்டுக்கொருமுறை புகைவண்டியில் சென்று சேரும் இடத்தையே நினைக்கிறோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கும் அச்சொல்லைத் தந்துவிட்டோம். அச்சொல் வாழும் மொழியையும் அவர்களுக்குத் தந்தோமா? கொரொன்வி ஓவன் வர்ஜீனியாவில் இருந்தும் வெல்ஷ் மொழியில்தான் ஏங்கினார். அதனாலேயே அவர் ஏக்கம் அவர்தம் நாட்டிற்குத் திரும்பி வந்து சேர்ந்தது. ஹிரைத் ஒருவன்மீது இருக்கும் கடன் என்று அம்மொழி சொல்லுமானால், அக்கடனைத் தீர்க்கும் நாணயமும் அம்மொழியே. நம் கடனும் அவ்வாறே. அதனை வார இறுதித் தமிழ் வகுப்பிலும், இரவுச் சோற்றைப் பிசையும்போது பிள்ளைகளோடு பேசும் பேச்சிலும் சிறிது சிறிதாகவேனும் அடைத்து வருவோமாக.